ஜன்னலை யாரு திறந்து வச்சது?

சுண்டு என்ற எலிக்கு வயது பத்து. ஆறு வருடமாகப் பத்துதான். அதற்குத் தமிழில் குரல் கொடுத்த அக்காவுக்கு ஐம்பத்தொன்று.

சுண்டு முதலில் ஒரு வெளிநாட்டு வீடியோ கேமில் பிறந்தது. தலையில் டார்ச் கட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் ஓடும். பள்ளம் வந்தால் தாவும். தண்ணீரில் விழுந்தால் ஓர் உயிர் போய்விடும். கேமில் அதற்குப் பேச்சே கிடையாது. தாவும்போது ஒன்று, அடிபடும்போது ஒன்று, விழும்போது ஒன்று என்று மொத்தம் மூன்று சத்தம். கேம் சக்கைப் போடு போட்டதும் அதைக் குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடராக்கினார்கள். எலிக்கு ஒழுங்காக ஒரு வாய் வரைந்து பேச வைத்தார்கள். அது பேசத் தொடங்கியதும் ஒவ்வொரு மொழியிலும் அதற்கு ஒரு தொண்டை தேவைப்பட்டது. தமிழுக்கு அக்காவின் தொண்டை. அக்கா பேச வேண்டியதை எழுதுவது என் வேலை.

எங்கள் ஸ்டூடியோ ஒரு டயர்க் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. கீழே கம்ப்ரசர் ஓடினால் மேலே ஒலிப்பதிவு நிற்கும். பட்டன் என்று நாங்கள் கூப்பிடும் சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கையைத் தூக்குவான். அந்தப் பக்கம் அக்கா அப்படியே, தூக்கிய குதிகாலை இறக்காமல், பாதித் தாவலில் நிற்பார். தாவும் சத்தத்துக்கு அவர் நிஜமாகவே செருப்பைக் கழற்றிவிட்டு எம்புவார். அடிபடும் சத்தத்துக்குத் தன் தொடையில் தானே ஒன்று போட்டுக்கொள்வார். விழும் சத்தத்துக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்.

"எங்க விழறோம்னு தெரியக் கூடாது தம்பி. தெரிஞ்சுட்டா பயம் வராது" என்பார்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினெட்டு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கிடைத்தது என்றெல்லாம் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தவர். கூட்டத்தில் தொலைந்த குழந்தைகளை அங்கேதான் கொண்டுவந்து விடுவார்களாம். அழுகிற குழந்தை பெரியவர்களின் குரலைக் கேட்டால் இன்னும் அழும். அதனால் அக்கா மைக்கை அணைத்துவிட்டு, மேஜைக்கு அடியில் ஓர் எலி இருப்பதுபோலக் கீச்சுக் குரலில், "யாருப்பா மேல உக்காந்திருக்கறது? எனக்கு பிஸ்கெட் உண்டா?" என்று பேசுவார். அழுகை நின்றதும் குழந்தை பெயரைச் சொல்லும். பெயர் தெரிந்துவிட்டால் அறிவித்துவிடலாம். ஆக, சுண்டுவின் குரல் தேர்வுக்கு அக்கா வந்த அன்றைக்கே அந்த எலிக்குப் பதினெட்டு வருட அனுபவம் இருந்தது.

அங்கிருந்து அவரை அனுப்பிய விதத்தையும் ஒருநாள் சொன்னார். ஒன்று முதல் நூறு வரை எண்ணச் சொன்னார்களாம். எல்லா ஊர்ப் பெயரையும் படிக்கச் சொன்னார்களாம். இரண்டு நாள் பதிவு. மூன்றாம் நாள் ஒரு கம்ப்யூட்டர் அந்தத் துண்டுகளை ஒட்டித் தானே அறிவிக்க ஆரம்பித்துவிட்டது.

"குரலை அங்கயே வச்சுக்கிட்டு ஆளை மட்டும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார். அவர் தினமும் வீட்டுக்குப் போகப் பேருந்து மாறுவது அதே நிலையத்தில்தான். மேலே அவருடைய குரல் அறிவித்துக்கொண்டிருக்கும், கீழே அவர் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

நான் அதிகம் பேச மாட்டேன். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு, நன்றாக இருந்தால் சட்டைப் பையிலுள்ள சிறு நோட்டில் எழுதிக்கொள்வேன். இரண்டு சொல் தள்ளி வைத்தாலே கவிதையாகிவிடும் என்று தோன்றும் வாக்கியங்கள் சாதாரணப் பேச்சில் நிறைய வரும். கவிதை எழுதுகிறவன் என்று யாரிடமும் சொன்னதில்லை. அதனால் அதை ஏதோ கணக்கு நோட்டு என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அக்கா தாமதமாக வந்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். காலைப் பதிவுக்கு முக்கால் மணி நேரம் பிந்தி, ஈரம் காயாத முன்கைகளோடு படியேறி வந்தார். டைரக்டர் இன்னும் வந்திருக்கவில்லை.

"என்னக்கா லேட்டு?"

"மழை தம்பி."

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெயில் டயர்க் கடையின் தகரக் கூரையில் கண் கூசும்படி அடித்துக்கொண்டிருந்தது. அக்காவும் திரும்பிப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அய்யய்யோ. வீட்டுப் பேச்சு வாய்ல வந்துடுச்சு."

கீழே கம்ப்ரசர் ஓடத் தொடங்கியிருந்தது. பதிவு செய்ய முடியாது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் சொன்னார்.

அவருடைய கணவர் பெயின்டர். பெரிய கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு அடிக்கிறவர். மூன்று வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஆனால் விடியற்காலையில் சிறுநீர் தன்னையறியாமல் போய்விடும். முதல்முறை அப்படி நடந்தபோது மனிதர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், இரண்டு நாள் பேசவில்லை, சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை மறுபடியும் அதேதான். அக்கா போர்வையைத் தொடப் போகிற நேரத்தில், கூரையைப் பார்த்தபடி, அவர் மெதுவாகச் சொன்னாராம்:

"மழை வந்துச்சு போலிருக்கே. ஜன்னலை யாரு திறந்து வச்சது?"

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான்தான். மறந்துட்டேன்" என்றாராம்.

"அன்னையிலேருந்து அதுதான் தம்பி. அவரு அதைச் சொல்லுவாரு, நான் இதைச் சொல்லுவேன். விரிப்பை எடுப்பேன், வேற போடுவேன். அப்புறம் ரெண்டு பேரும் டீ குடிப்போம். இதுல கூத்து என்னன்னா, அந்த ரூம்ல ஜன்னலே கிடையாது."

நான் டீ டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தேன்.

"யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்கக்காகிட்டகூட. நீ வாயைத் திறக்க மாட்டேங்கற தைரியத்துல சொல்லிட்டேன்" என்றார். கம்ப்ரசர் நின்றது. எழுந்து போய்ச் செருப்பைக் கழற்றினார்.

அன்று பேருந்தில் உட்கார்ந்து அதை நோட்டில் எழுதினேன். இரண்டு வரி. தேதியும் போட்டேன்.

கார்ட்டூனுக்கு வசனம் எழுதுவது மொழிபெயர்ப்பு என்று வெளியில் நினைக்கிறார்கள். அது வாய் அளக்கிற வேலை. திரையில் வாய் எந்த நொடியில் மூடுகிறது, எப்போது குவிகிறது, எத்தனை தடவை திறக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். வாய் மூடும் இடத்தில் உதடு ஒட்டும் சொல் வந்தாக வேண்டும். அர்த்தம் அதற்கப்புறம்தான். முப்பத்தொன்றாம் எபிசோடில் வில்லனான பெருச்சாளி, சுண்டுவைத் துரத்திக்கொண்டு வந்து கால்வாயில் விழுகிறான். தொப்பலாக நனைந்து எழுந்து ஒரு வரி சொல்கிறான். சுண்டு கரையில் நின்று பதில் சொல்கிறது. மூலத்தில் அது அந்த நாட்டுச் சோப்பு விளம்பரம் ஒன்றை வைத்துச் செய்த ஜோக். நம் குழந்தைகளுக்கு அந்த விளம்பரம் எங்கே தெரியப்போகிறது?

ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். முதலில் உதடு மூட வேண்டும், நடுவில் இன்னொரு முறை மூட வேண்டும், பிறகு வேகமாக ஒரு கேள்வி. எதை வைத்தாலும் ஒன்று வாய் இடித்தது, அல்லது சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை பதிவு. சாயங்காலம் நோட்டைப் புரட்டினேன். 'மழை' என்று உதடு மூடியது. 'போலிருக்கே' என்று நடுவில் மறுபடி மூடியது. கேள்வி கேள்வியாகவே இருந்தது. சுண்டுவின் பதிலுக்கான வாய்கூட, யாரோ அளவெடுத்துத் தைத்ததுபோல, அச்சாகப் பொருந்தியது.

யாருக்குத் தெரியப்போகிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு, இது அக்காவுக்கு நான் செய்கிற ஒரு மரியாதை என்றுகூட நினைத்தேன். இரண்டாவதாக நினைத்ததுதான் இன்றைக்கும் அதிகம் கூசுகிறது.

பெருச்சாளிக்குக் குரல் கொடுப்பவரைப் பெருச்சாளி அண்ணன் என்றே கூப்பிடுவோம். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். காலையில் முதலில் வந்து தன் பங்கைப் பேசிவிட்டுப் போனார். "டேய் ரைட்டரு, இன்னைக்குத்தான்டா உருப்படியா ஒண்ணு எழுதியிருக்க" என்று என் முதுகில் தட்டினார்.

பதினொரு மணிக்கு அக்கா. ஹெட்போனில் ஒரு காதில் மூலக் குரல் ஓடும், மறு காதில் ஏற்கெனவே பதிவான தமிழ்க் குரல் வரும். மூன்று 'பீப்', அதன்பின் இவர் பேச வேண்டும். காகிதத்தில் தன் வரியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அண்ணனின் குரலில் அவர் அதைக் கேட்டிருப்பார்: "மழை வந்துச்சு போலிருக்கே! ஜன்னலை யாரு திறந்து வச்சது?"

பீப் மூன்றும் போயின. அக்கா பேசவில்லை.

"அக்கா, உங்க வரி" என்றான் பட்டன்.

ஆறு வருடத்தில் அவர் ஓர் இடம் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. கண்ணாடியை மூக்கில் சரி செய்துகொண்டு காகிதத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பட்டனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். எனக்கும் அவர் ஹெட்போனுக்கும் நடுவே ஒரு பொத்தான்தான் இருந்தது. அதை அழுத்தி, "அக்கா, இந்த வரியை மாத்திடலாம்" என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்" என்றார் அக்கா. குடித்தார். மறுபடி மூன்று பீப்.

"நான்தான்! மறந்துட்டேன்!" என்றது சுண்டு, துள்ளலாக, குறும்பாக, ஒரு பிசிறுமில்லாமல்.

"அடிச்சுத் தூக்கிட்டீங்கக்கா!" என்று டைரக்டர் கைதட்டினார்.

மதியம் படிக்கட்டில் அக்கா என்னை நிறுத்தினார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை.

"தம்பி, அந்த மழை வரி... ஒரிஜினல்லயே அப்படித்தான் இருக்கா?"

"ஆமாக்கா. ஒரிஜினல்லயே அப்படித்தான்" என்றேன். காது மடல் இரண்டும் சூடாகிவிட்டன.

அவர் என் காதுகளைப் பார்த்தார். "அப்படியா" என்றார். "அப்ப எல்லா ஊர்லயும் இப்படித்தான் போல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த எபிசோட் ஒளிபரப்பான இரண்டே வாரத்தில் நிலைமை கைமீறிப் போய்விட்டது. பள்ளி வண்டியில் குழந்தைகள் தண்ணீர் பாட்டிலைக் கொட்டிவிட்டு, "மழை வந்துச்சு போலிருக்கே!" என்று கத்தினார்கள். வண்டி முழுக்க, "நான்தான்! மறந்துட்டேன்!" என்று பதில் வந்தது. என் தெருவில் ஒரு குழந்தை அரைக்கால் சட்டையை நனைத்துக்கொண்டு நின்றது. அதன் அண்ணன் அந்த வரியைச் சொல்லிக் காட்டினான். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் வழி மாற்றிக்கொண்டு வேறு சந்து வழியாகப் போனேன்.

சேனலிலிருந்து இனிப்புப் பெட்டி அனுப்பினார்கள். அதன் பின்னாலேயே ஒரு கோரிக்கையும் வந்தது. சுண்டு கேமைத் தயாரித்த நிறுவனம் தமிழில் புதிதாக ஒரு பதிப்பு விடப் போகிறது. பழைய மூன்று சத்தங்களுக்குப் பதிலாக, தண்ணீரில் விழும்போதெல்லாம் பெருச்சாளி கேட்க வேண்டும், சுண்டு பதில் சொல்ல வேண்டும். ஒரே மாதிரி வந்தால் சலித்துவிடும் என்பதால் பன்னிரண்டு விதமாகப் பதிவு செய்ய வேண்டும்.

பதிவு நாளன்று அக்கா வரவில்லை. தொண்டை சரியில்லை என்று தகவல் வந்தது. அடுத்த நாளும் அதே தகவல்.

"நீ நேர்ல போய்ப் பாருப்பா" என்றார் டைரக்டர். "உன்கிட்டதான் ஒட்டுதலா இருப்பாங்க. இந்த ஷீட்டையும் குடுத்துட்டு வா. வீட்லயே ப்ராக்டீஸ் பண்ணட்டும்."

ஷீட்டில் நான்தான் எழுதியிருந்தேன்: நான்தான் மறந்துட்டேன் — பயந்து. நான்தான் மறந்துட்டேன் — கிண்டலாக. நான்தான் மறந்துட்டேன் — தூக்கக் கலக்கத்தில். இப்படியே பன்னிரண்டு.

அக்காவின் வீடு ஒரு நீளமான சந்தின் கடைசியில், தரைத்தளத்தில் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கதவு திறந்தே கிடந்தது. முன்னறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் ஐந்தாறு பேர் தரையில். நாற்காலியில் ஒருவர், பின்னல் பனியனும் கையில் ஊன்றுகோலுமாக. அக்காவின் கணவரை மாமா என்பதா, அண்ணன் என்பதா என்று முடிவு செய்ய முடியாமல் வெறுமனே தலையை ஆட்டினேன்.

"ஸ்டூடியோ தம்பியா? வா, வா. உக்காரு. அவ பின்னாடி துணி எடுத்துக்கிட்டிருக்கா."

நான் ஓரமாக உட்கார்ந்தேன். உள்ளறை தெரிந்தது. ஒரு கட்டில், ஒரு பீரோ, மூன்று பக்கமும் சுவர். அவரே அடித்த பூச்சாக இருக்க வேண்டும், ஓரங்கள் நூல் பிடித்ததுபோல இருந்தன. ஜன்னல் இல்லை.

டிவியில் பெருச்சாளி வந்ததும் ஒரு சிறுமி எழுந்து இவர் முன்னால் வந்து நின்றாள். "பெரியப்பா, சொல்லுங்க! மழை வந்துச்சு சொல்லுங்க!"

"இன்னைக்கு வேண்டாம்டா செல்லம்."

"ஒரே ஒரு தடவை!"

அவர் சொன்னார். பெருச்சாளி மாதிரியே கன்னத்தை உப்பிக்கொண்டு சொன்னார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. எல்லாமாகச் சேர்ந்து பதில் கத்தின. அவரும் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து, குழந்தைகளுக்குக் கேட்காத குரலில், "அவ சொன்னா, இது அந்த ஊர்க்காரனே எழுதினதாமே?" என்றார்.

நான் ஷீட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"முதல்ல டிவில கேட்டப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு தம்பி. அவ மேல சந்தேகம்கூட வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். சும்மா உக்காந்துக்கிட்டு ஒருத்தனுக்கு இப்படி ஒரு வரி தோணாது. அவனும் எங்கயோ விழுந்திருப்பான். என்னை மாதிரி காலைல கூரையப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பான்." ஊன்றுகோலின் முனையால் தரையில் ஒரு கோடு இழுத்தார். "பேர் தெரிஞ்சா சொல்லு. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன்.

பின்கட்டில் கொடியில் நான்கு விரிப்புகள். அக்கா ஒன்றை இழுத்து, என்னைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்காமல், அதன் இரண்டு முனைகளை என் கையில் கொடுத்தார். மற்ற இரண்டு முனைகளைத் தான் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். விரிப்பு எங்கள் நடுவே விறைப்பாக நின்றது.

"தொண்டைக்கு என்னக்கா?"

"தொண்டைக்கு ஒண்ணுமில்ல. உதறு."

உதறினோம். மடித்தோம். முனைகளைக் கொடுக்க நான் அவர் அருகே போக வேண்டியிருந்தது.

"அக்கா, அந்த வரி ஒரிஜினல்ல இல்ல."

"தெரியும்."

"நான்தான்—" என்று தொடங்கி, அந்தச் சொல்லுக்குமேல் போக முடியாமல் நின்றுவிட்டேன்.

"தெரியும்கறேன்ல. அடுத்ததப் பிடி." இன்னொரு விரிப்பின் முனைகளைக் கொடுத்தார். "ஆறு வருஷமா ஒரு காதுல அவங்க பாஷை ஓடிக்கிட்டிருக்கு. மழைக்கு அவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? அந்த எடத்துல அவன் சொன்னது ஏதோ சோப்பு. படிக்கட்டுல உன்னைக் கேட்டேனே, தெரியாமலா கேட்டேன்? நீயா வாயத் திறந்து சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. காதெல்லாம் செவந்து போய் நின்ன. சரி, பாவம்னு விட்டேன்."

விரிப்பின் ஓரத்தில் எத்தனையோ முறை துவைத்து வெளுத்த நீலப் பூக்கள் இருந்தன.

"டிவில வந்தன்னைக்கு அவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு பாரு ஒரு பார்வை. உன் பொய்யத்தான் எடுத்துச் சொன்னேன். அந்த ஊர்க்காரன் எழுதினதுன்னு. நம்பிட்டாரு. அந்த வகையில உனக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்." குத்தலாகச் சொன்னதுபோலத் தெரியவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அவர்கிட்ட நான் உண்மையச் சொல்லிடறேன்க்கா."

"சொல்லி? உன் மனசுல இருக்கறத இறக்கி வச்சுட்டு நீ பஸ் ஏறிடுவ. நாளைக்குக் காலைல அவரு மூஞ்சிய நீயா பாக்கப் போற?"

உள்ளே குழந்தைகள் மறுபடி கத்தினார்கள். அக்கா அந்தப் பக்கம் காதைத் திருப்பினார்.

"இப்பல்லாம் காலைல நாங்க ஒண்ணும் சொல்லிக்கறதில்ல தம்பி. ஊரே சொல்ற வார்த்தைய எப்படிச் சொல்றது? அவரு சுவத்தப் பாக்கறாரு. நான் விரிப்ப எடுக்கறேன், போடறேன். டீ மட்டும் குடிக்கறோம்." மடித்த விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டார். "டிவின்னா நாலு மாசத்துல பசங்க வேற ஒண்ணப் பிடிச்சுக்குவாங்க. கேம்ல போட்டா அப்படி இல்ல. விழற நேரமெல்லாம் கேக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் கேக்கும். அதுக்கு நான் பேச மாட்டேன். ஆனா ஏன் மாட்டேன்னு என்னால அங்க வந்து சொல்ல முடியாது. நீ சொல்லு. எங்க பேரு வராம சொல்லு. அது உன் பாடு."

"சொல்றேன்க்கா."

"இன்னொண்ணு." அப்போதுதான் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "எங்க வரிய எடுத்துக்கிட்ட இல்ல? பதிலுக்கு வேற ஒண்ணு எழுதிக் குடு. எழுதறவன்தானே?"

விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று அவர் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஷீட்டை நான் கொடுக்கவேயில்லை.

அடுத்த நாள் காலை டைரக்டர் முன்னால் போய் நின்றேன்.

"சார், அந்த மழை வரி என்னுது இல்ல."

"பின்ன?"

"ஒருத்தர் பேசினதக் கேட்டு எழுதிட்டேன். அவங்க சொந்த விஷயம். அவங்ககிட்ட கேக்கல."

"யாரு?"

நான் சட்டைப் பையிலிருந்த நோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"யாருன்னு கேக்கறேன்ல? கேஸு கீஸுன்னு வருவாங்களா?"

வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறு எதைச் சொன்னாலும் இவர் கேட்கப் போவதில்லை. "தெரியல சார்" என்றேன். அதுவும் பொய்தான். அதற்காக மட்டும் நான் வெட்கப்படவில்லை.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "உன்னை வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன்டா" என்றார். அன்று மதியமே சேனலுக்குப் போன் போட்டார். கேமுக்குப் பழைய மூன்று சத்தங்களே போதும் என்று முடிவாயிற்று. தொடரின் மறு ஒளிபரப்பிலும் அந்த இடத்தில் வேறு வரி பேச வைத்தார்கள். 'அய்யோ, குளிருதே' என்று யாரோ எழுதியிருந்தார்கள். வாய் சுத்தமாகப் பொருந்தவில்லை.

பெருச்சாளி அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "இருபது வருஷமா மைக் முன்னால கத்தறேன். பசங்க என்னைத் தெருவுல அடையாளம் கண்டுபிடிச்சது அந்த ஒரு வரியாலதான். அதையும் பிடுங்கிட்டியேடா." அவருடைய டீக்கும் நானே காசு கொடுத்தேன்.

என்னைச் சுண்டுவிலிருந்து எடுத்துவிட்டு, ஆழ்கடல் மீன்களைப் பற்றிய ஒரு தொடரில் போட்டார்கள். மீனுக்கு வாய் பார்க்க வேண்டியதில்லை.

அக்கா கேட்ட வரிக்காக ஒரு நோட்டு முழுக்க வீணாக்கினேன். 'தோட்டத்துக்குத் தண்ணி விட்டாச்சா?' என்று எழுதினேன். 'பெயின்ட் டப்பா சாஞ்சிடுச்சா?' என்று எழுதினேன். 'அலை வீட்டுக்குள்ளயே வந்துடுச்சே' என்றுகூட எழுதி, நன்றாக இருக்கிறது என்று அரை நாள் மகிழ்ந்தேன். பிறகு அந்தக் கட்டிலையும், வெளுத்த விரிப்பையும், கூரையைப் பார்த்துக் கிடக்கும் மனிதரையும் நினைத்துக்கொண்டு உரக்கச் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து எழுதியதுபோல இருந்தன.

ஏழெட்டு மாதம் கழித்துப் பேருந்து நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். மூன்றாவது நடைமேடை வரிசையில் நின்றிருந்தார். மேலே ஒலிபெருக்கியில் அவருடைய பழைய குரல், எண் தனியாக, ஊர் தனியாக, ஏதோ ஒரு வண்டி கால் மணி நேரம் தாமதம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒளிந்துகொள்ளலாமா என்று நினைப்பதற்குள் கையைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டார்.

"என்ன தம்பி, மீனெல்லாம் நல்லா பேசுதா?"

"பரவாயில்லக்கா. மாமா எப்படி இருக்கார்?" மாமா என்று எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"இருக்காரு. இப்ப பக்கத்து வீட்டு இரும்புக் கேட்டுக்கு உக்காந்துக்கிட்டே பெயின்ட் அடிக்கறாரு. அந்த ஊர் எழுத்தாளன் பேரு தெரிஞ்சுதான்னு அடிக்கடி கேக்கறாரு. சுண்டுவுக்கு எழுதறத விட்டுட்டு எங்கயோ போயிட்டானாம்னு சொல்லி வச்சிருக்கேன்." பையைக் கை மாற்றிக்கொண்டார். "எழுதினியா?"

"இல்லக்கா. வரல."

"விடு. எங்களுக்கே ஒண்ணு வந்துடுச்சு. போன மாசம். அவருதான் சொன்னாரு, நான் சிரிச்ச சிரிப்புல டீயக் கொட்டிட்டேன்."

"என்னக்கா சொன்னார்?"

கேட்கும்போதே என் வலது கை சட்டைப் பைக்குப் போயிருந்தது. எனக்கே தெரியவில்லை. அக்காதான் பார்த்தார். முதலில் கையை, பிறகு பையில் துருத்திக்கொண்டிருந்த பேனாவை, கடைசியில் என்னை.

"ஆசையப் பாரு" என்றார்.

வண்டி வந்து நின்றது. அக்கா ஏறினார். நான் கையை மெதுவாக எடுத்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டி திரும்பும்வரை அங்கேயே நின்றேன்.